சந்திரவதனா, 1944 –

சந்திரவதனா செத்துப்போகவில்லை. முப்பத்து மூன்று வயதில், நல்ல திடகாத்திரமாக, வேலை முடிந்த கையோடு நேர்ஸ் உடுப்பில் வந்து நின்றாள். ஆனாலும் சிட்னியில், லிட்கம் சேமக்காலையின் கல்லறைகளுக்குக் கிட்ட, கல் வெட்டும் ஒரு ஜெர்மன்காரரின் பட்டறையில், மரக்கட்டை மேல் சாய்த்து வைத்திருந்த கல்லறைக் கல்லில் அவளுடைய பேர் இருந்தது. இடப்பக்கம் அவள் புருஷன் தேவராஜாவின் பேர், பிறந்த ஆண்டு, இறந்த ஆண்டு 1977. வலப்பக்கம் அவள் பேர், 1944, ஒரு சின்னக் கோடு. கோட்டுக்குப் பின்னால் பளபளவென்று வெறும் கருங்கல். அதில் அவளுடைய முகமே தெரிந்தது.

"இது ஆரின்ர வேலை?"

பக்கத்தில் நின்ற மகேந்திரராஜா தொண்டையைச் செருமிக்கொண்டார். தேவராஜாவின் தமையன். தம்பி திடீரென்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்த நாள் முதல் பெட்டி, பாதிரியார், குழி, கல் எல்லாம் அவர்தான். 'நீ ஒண்டுக்கும் யோசியாதை பிள்ளை, நான் பாக்கிறன்' என்றார். அவளும் அழுத முகத்தோடு தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலில் எதற்கெல்லாம் சம்மதம் கொடுத்திருக்கிறாள் என்பது இப்போதுதான் விளங்கியது.

"இஞ்ச இப்பிடித்தான் பிள்ளை செய்யினம். இரட்டைக் குழி எடுத்தாச்சு. புருஷனும் பெண்சாதியும் பக்கத்தில பக்கத்தில."

"என்னட்டக் கேட்டனியளோ?"

"இதில கேக்க என்ன கிடக்கு?"

யாழ்ப்பாணத்தில் அவர்கள் வேதக்காரர்தான், கிறிஸ்தவக் குடும்பம். கல்லறையும் கல்லும் அவளுக்குப் புதிதில்லை. ஆனால் உயிரோடிருக்கிறவளின் பேரைக் கல்லறைக் கல்லில் ஏற்றுவதை அங்கே யாரும் கேள்விப்பட்டதில்லை. ஏற்றியிருந்தால் சூனியம் வைத்துவிட்டார்கள் என்று ஊரே திரண்டிருக்கும். சாவுக்கு அவள் பயந்தவளில்லை, வார்டில் தினமும் பார்க்கிறாள். அவளைக் கொதிக்க வைத்தது வேறு. இனி எங்கே வேலை, எந்த ஊரில் வீடு, இன்னொரு கலியாணமா இல்லையா, எல்லாவற்றையும் இந்த மனிதர் அவளைக் கேளாமலே அந்தச் சின்னக் கோட்டோடு முடித்துவிட்டார். நிரப்ப வேண்டியது அவள் சாகும் ஆண்டு மட்டும்தான்.

சிற்பி வெர்னர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். குடும்பத் தொழில்: எழுத்து வரைவது மனைவி ஹில்டா, வெட்டுவது அவர், கல் அறுப்பது மகன்.

"எழுத்தில் ஏதாவது தவறா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"எழுத்து நன்றாகத்தான் இருக்கிறது. நான் உயிரோடு இருக்கிறேன், அதுதான் தவறு."

அவர் கோபிக்கவில்லை. சிரித்துக்கொண்டு சுவரோரம் காட்டினார். அங்கே ஒரு சாம்பல் நிறக் கல். வெர்னர் பேரும் ஹில்டா பேரும், பிறந்த ஆண்டுகளும். சாவுக்கு இடம் விட்டிருந்தது. "எங்களுடையது. மகன் வெட்டினான். எங்கள் ஊரில் இதை அன்பு என்று சொல்வார்கள்."

ஹில்டா வேலையை விட்டு எழுந்து வந்தாள். காதில் பென்சில்.

"என் பேரை நானே வரைந்தேன். எங்கே வரவேண்டும் என்று சண்டை பிடித்து வாங்கிய இடம் அது," என்றாள். "உன்னுடையதும் உன் விருப்பம் என்றுதானே இவர் சொன்னார்? கணவன் பக்கத்தில் உன் பேரும் வேண்டும் என்று நீ அழுவதாகச் சொன்னார்."

எல்லோரும் மகேந்திரராஜாவைப் பார்த்தார்கள். அவர் தன் காலில் கிடந்த சப்பாத்தைப் பார்த்தார்.

"அழுதது உண்மை," என்றாள் சந்திரவதனா. "இதைக் கேட்டு அழவில்லை. என் பேரை எடுத்துவிடுங்கள்."

வெர்னர் எழுத்துக்குள் விரலை விட்டுக் காட்டினார். ஆழம். அந்த இடத்தை மட்டும் தேய்த்தால் பள்ளம் விழும். முழு முகப்பையும் தேய்த்தால் கணவர் பேரும் போய்விடும்.

சந்திரவதனா தேவராஜாவின் பேர் மேல் உள்ளங்கையை வைத்தாள். குளிர்ந்திருந்தது. நல்ல மனிதன், ஆனால் தமையனுக்கு முன்னால் ஒரு நாளும் வாய் திறந்தவனில்லை. இன்றைக்கு உயிரோடு நின்றிருந்தாலும் திறந்திருக்க மாட்டான். அந்தக் கோபமும் சேர்ந்துகொண்டது.

"நடுவே அறுக்கலாம்," என்றாள் ஹில்டா. "அவருக்குப் பாதிக் கல் போதும்." புருஷனின் பதிலுக்குக் காத்திராமல் மகனைக் கூப்பிட்டாள். அவன் கல்லில் இருந்த இரண்டு பேர்களுக்கும் நடுவே கோடு போட்டான்.

மகேந்திரராஜாவுக்கு அப்போதுதான் உறைத்தது.

"உனக்கென்ன விசரோ? கல்லை அறுக்கிறதோ? அவன்ர பக்கத்து இடம் சும்மா கிடக்கப் போகுதே? சனம் என்ன கதைக்கும்?"

"ஏன் சும்மா கிடக்க வேணும்? நீங்கள் படுங்கோ, அத்தான். தம்பியில அவ்வளவு உருக்கம். பேரை இப்பவே வெட்டி வைப்பம்." அவள் ஹில்டா பக்கம் திரும்பி ஆங்கிலத்துக்கு மாறினாள். "இவருடைய பேரை வரைய வேண்டும். மகேந்திரராஜா. பிறந்த ஆண்டை அவரிடமே கேளுங்கள். அதற்குப் பிறகு கோடு. கோட்டுக்குப் பின்னால் நிறைய இடம் வேண்டாம்."

ஹில்டா ஒரு சிரிப்பும் இல்லாமல் காதிலிருந்த பென்சிலை எடுத்தாள். "எந்த ஆண்டு, சார்?"

மகேந்திரராஜாவின் முகம் கறுத்தது. கல்லுக்குக் கிட்ட நின்றவர் இரண்டடி பின்னால் போனார், பென்சில் தன்மேல் பட்டுவிடும் என்பது போல.

"அதென்ன கதை கதைக்கிறாய்! உயிரோட நிக்கிற மனிசன்ர பேரை ஆராவது கல்லில..."

அதோடு நின்றுவிட்டார்.

"ஓம், அத்தான்," என்றாள் சந்திரவதனா. "சொல்லி முடியுங்கோ."

 அவள் ஹில்டாவின் மகனுக்கு அறுக்கச் சொல்லிக் கையைக் காட்டினாள். அவன் அறுவை மெஷினை முடுக்கினான்.