மீன் காகிதம்

என் ஓரகத்திக்கும் எனக்கும் ஒரே வீடு, ஒரே கல்லூரி. கடவுளுக்கு என்மேல் என்ன கோபமோ தெரியவில்லை. நான் உயிரியல் நடத்துகிறேன். படித்த உயிரியலை வைத்துத் தொழில் தொடங்குவது எப்படி என்று அதே பிள்ளைகளுக்கு அவள் நடத்துகிறாள். என் வகுப்பில் கொட்டாவி விடுகிறவர்கள் அவள் வகுப்புக்கு ஓடுகிறார்கள். போதாததற்கு, கல்லூரி முதல்வர் என் ஆய்வகத்தில் பாதியைத் தடுத்து, உருளும் நாற்காலிகள் போட்டு அவளுக்குக் கொடுத்துவிட்டார். வயிறு எரியாதா?

ஒரே ஒரு ஆறுதல். ஆண்டு முடிவதற்குள் அவளுடைய வகுப்புப் பிள்ளைகள் தாங்கள் செய்யும் பொருளைக் காசு கொடுத்து வாங்க ஒருவரையாவது பிடித்தாக வேண்டும். இல்லையென்றால் அவள் வகுப்புக்கு மூடுவிழா, ஆய்வகம் முழுசாக எனக்கு.

அவர்கள் செய்தது ஒரு காகிதத் துண்டு. மீன் பெட்டிக்குள் ஒட்டிவைத்தால், மீன் கெட ஆரம்பித்ததும் நிறம் மாறும். அந்தச் சாயத்தைப் பற்றிச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். பேர் மட்டும் அவளுக்கு. மீன் சந்தைக்குக் கொண்டுபோனார்கள். கடைக்குக் கடை விரட்டியடித்தார்கள்.

"சாயம் எப்படி வேலை செய்யுதுன்னு படம் போட்டுக்கூடக் காட்டிட்டாங்கக்கா. யாருமே வேணாங்கறாங்க," என்று சாப்பாட்டு மேசையில் மூக்கை உறிஞ்சினாள்.

எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டிருக்கலாம். மாமியார் விட்டால்தானே?

"அழாதம்மா. உனக்கு இல்லாத மூளையா? இந்த வீட்லயே விவரமானவ நீதான்."

சுருக்கென்றது.

"விவரமா? என் மீன் கெட்டுப்போச்சுன்னு காட்டிக்குடுக்குற காகிதத்த எந்தக் கடைக்காரர் காசு குடுத்து வாங்குவாரு? மொத்தமா மீன் வாங்குறவங்ககிட்டல்ல போகணும்! ஓட்டல், ஆஸ்பத்திரி சமையலறை... ஏமாறக் கூடாதுன்னு நெனைக்கிறவங்கதான் வாங்குவாங்க. இதுகூடவா தெரியல?"

அவள் என்னையே பார்த்தாள். பிறகு எச்சில் கையோடு எழுந்து பிள்ளைகளுக்கு போன் போட ஓடினாள். என் தலையில் நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டது அப்போதுதான் உறைத்தது.

அந்த மாதமே ஒரு பெரிய ஓட்டல் காகிதத்தை வாங்கியது. பாராட்டு விழாவில், ஆய்வகத்தின் மறுபாதியும் அவளுக்கே என்று முதல்வர் அறிவித்தார். அவள் மைக்கைப் பிடித்தாள். "இந்த யோசனை என்னோடது இல்ல. எங்கக்காவோடது," என்றாள் கண் கலங்க. அரங்கமே திரும்பி என்னைப் பார்த்துக் கைதட்டியது. பொய் சொல்ல மாட்டேன், நெஞ்சு நிறைந்துதான் போனது.

பக்கத்தில் இருந்த மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பாத்தியா, அவளுக்கு எவ்வளவு பெரிய மனசு!"