பூச்சில்லாத கூரை

எங்கள் பல்கலைக்கழக மையத்தின் பரீட்சை ஹாலை முதல் முறை பார்க்கிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்பார்கள்: பூசுவதற்குள் பணம் தீர்ந்துவிட்டதா? 1972-ல் அதைக் கட்டியபோது நான்தான் சைட் ஓவர்சீயர். பதில் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். ஆர்க்கிடெக்ட் வெளிநாட்டில் படித்துவிட்டு மெட்ராஸிலிருந்து வந்தவர். செங்கல் என்றால் செங்கல் தெரிய வேண்டும், காங்கிரீட் என்றால் காங்கிரீட் தெரிய வேண்டும், கட்டடம் பொய் சொல்லக் கூடாது என்பார். காங்கிரீட்டைத் தாங்க அடித்த சென்ட்ரிங் பலகையின் ரேகைகூடக் கூரையில் அப்படியே பதிந்திருக்கும். இருநூறு பேர் உட்காரும் ஹாலில் நடுவே ஒரு தூண் கிடையாது. இரண்டு பக்கமும் மேலே ஏறி, நடுவில் தாழ்ந்து, விரித்து வைத்த புத்தகம் மாதிரி ஒரு கூரை. வெளியே பன்னிரண்டு அடி அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும். ஆம்பூரில் பிறந்து வளர்ந்த எனக்கு அப்படி ஒன்றைக் கட்டியதில் கர்வம்தான், அதை ஏன் மறைக்க வேண்டும்?

அவர் எனக்கு இட்ட கட்டளை ஒன்றே ஒன்று. குடிக்கத் தக்க தண்ணீரில்தான் காங்கிரீட் கலக்க வேண்டும். உப்புத் தண்ணீர் சேர்ந்தால் உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடித்து ஊதி, காங்கிரீட்டை உடைத்துக்கொண்டு வெளியே வரும். கிழக்குக் கிணற்றுத் தண்ணீரைச் சோதனைக்கு அனுப்பினோம். நல்லது என்று தாள் வந்தது. சித்திரையில், சரியாகக் கூரை போடும் நேரத்தில், அந்தக் கிணறு வற்றிவிட்டது. மேற்குக் கிணற்றிலிருந்து இறைத்தோம். மறுபடி சோதிக்க நேரமில்லை. தினமும் காலையில் ஒரு டம்ளர் குடித்துப் பார்த்து, "தண்ணீர் நல்லது" என்று சைட் நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டவன் நான்.

பொய் எழுதவில்லை. எனக்கு அது நன்றாகத்தான் இருந்தது. தோல் பதனிடும் டேனரிச் சுவரை ஒட்டிய தெருவில் பிறந்து, தோல் ஊறவைத்த உப்பு இறங்கிய கிணற்றையே குடித்து வளர்ந்த நாக்கு அது.

அந்த வாரம் ஒடுகத்தூரிலிருந்து என் மாமனார் ஜெயகரன் கட்டடம் பார்க்க வந்தார். அவருக்கும் ஒரு டம்ளர் மொண்டு கொடுத்தேன். ஒரு வாய் வைத்தவர் அப்படியே துப்பிவிட்டார்.

"இன்னா மாப்ள, இதப் போயி குடிக்கிறீங்க? உப்பு கரிக்குது."

மலையடிவாரத்துத் தண்ணீர் குடித்தவர், கொஞ்சம் பிகு பண்ணிக்கொள்கிறார் என்று நான் சிரித்தேன். கொத்தனார்களும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே கூரையைப் போட்டு முடித்தோம்.

பன்னிரண்டு வருஷம் ஒன்றும் ஆகவில்லை. நானும் அங்கேயே பராமரிப்பு ஓவர்சீயராகத் தங்கிவிட்டேன். பதின்மூன்றாவது வருஷ மழையில் கூரையின் அடியில் துருக்கறை கோடுகோடாக இறங்கியது. மேலே ஒழுகுகிறது என்று சொல்லி, பூசவே கூடாத கூரையில் அங்கங்கே நானே சிமெண்ட் பூசினேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது வரிசைப் பெஞ்சுக்கு மேலிருந்து ஒரு முழ நீளத்துக்குக் காங்கிரீட் பெயர்ந்து விழுந்தது. உள்ளே தெரிந்த கம்பியைத் தொட்டேன். செதில் செதிலாகக் கையோடு வந்தது. ஏணி போட்டு ஏறி, பத்து இடத்தில் சுத்தியலால் தட்டினேன். பத்து இடத்திலும், உள்ளே கம்பியை விட்டுக் காங்கிரீட் பிரிந்துபோன வெற்றுச் சத்தம். மாமனார் துப்பியது அப்போதுதான் என் ஞாபகத்துக்கு வந்தது. ஏணியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

எட்டு நாளில் டிகிரிப் பரீட்சை. இருநூறு பிள்ளைகள் அந்தக் கூரைக்கு அடியில் மூன்று மணி நேரம் உட்காருவார்கள். என் மகள் ஜெபராணியும் அவர்களில் ஒருத்தி.

மறுநாள் காலை மையத்தின் இயக்குநர் தேவானந்தம் சாரிடம் ஓடினேன். கம்பியைக் காட்டினேன். ஒரு இடம்தானே, ஒழுகல்தானே, பூசிவிடுங்கள் என்றார். ஒரு இடம் இல்லை, கூரை முழுக்க இப்படித்தான், கலந்த தண்ணீரே உப்பு, அதை நல்லது என்று எழுதினவன் நான்தான் என்று ஒன்று விடாமல் ஒப்புக்கொண்டேன். வேலை போனாலும் போகட்டும், ஹாலைப் பூட்டினால் போதும் என்றிருந்தது. அவர் பியூனை மேற்குக் கிணற்றுக்கு அனுப்பி ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். நிதானமாகக் குடித்தார்.

"நல்லாத்தானே இருக்கு? என் வீட்டுக் குழாய்ல வர்றதும் இதே தண்ணிதான்."

நாகர்கோவிலிலிருந்து வந்த புதிதில் இதே மனிதர் இந்தத் தண்ணீர் வாயில் வைக்க முடியவில்லை என்று வேலூரிலிருந்து கேனில் வரவழைத்தார். அதைச் சொன்னேன். அது அப்போ, இப்போ பழகிவிட்டது என்று சிரித்தார். பழகியதுதானே சார் பிரச்சினை என்று கத்த வேண்டும் போல இருந்தது. துப்பிக் காட்ட மாமனாரும் உயிரோடு இல்லை.

தேவானந்தம் சார் கெட்டவர் இல்லை. ஹாலைப் பூட்டினால் பரீட்சை மையமே ரத்தாகும், பிள்ளைகளுக்கு ஒரு வருஷம் வீணாகும் என்று பயந்தார். மேஜையிலிருந்து ஒரு தாளை எடுத்து என் பக்கம் தள்ளினார். ஹால் பாதுகாப்பாக உள்ளது என்று வருஷா வருஷம் நான் கையெழுத்துப் போடும் தாள்.

"உங்களுக்குப் பயமா இருந்தா ஜெபராணிய லைப்ரரில உக்கார வச்சிடறேன். நீங்க இதுல கையெழுத்து போட்டுடுங்க."

மற்ற பிள்ளைகள் என்று ஆரம்பித்தேன். முடிக்கவில்லை. அவர் நீட்டிய பேனாவை வாங்கிக்கொண்டேன். கையெழுத்து கொஞ்சமும் நடுங்காமல் விழுந்தது. அதை நினைத்தால் இப்போதும் என் மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

அடுத்த திங்கட்கிழமை முதல் பரீட்சை நடந்தது. ஹால் வாசலில் மூன்று மணி நேரம் நின்றேன். மின்விசிறி கிறீச்சிட்டால்கூட உள்ளே எட்டிப் பார்த்தேன். கர்த்தரே, இன்று மட்டும் என்று ஜெபித்தேன். மணி அடித்தது. எல்லாரும் சிரித்துப் பேசிக்கொண்டு வெளியே வந்தார்கள். ஒன்றும் விழவில்லை. இன்னும் ஐந்து பேப்பர் இருந்தது.

லைப்ரரியிலிருந்து ஜெபராணி வந்தாள். கூடவே அவள் தோழி அமிர்தவள்ளி. மூன்றாவது வரிசைப் பெண்.

"அப்பா, லைப்ரரில இன்னும் எடம் இருக்கு. இவளயும் என்கூட போடச் சொல்லேன். ஹால்ல மண்ணு கொட்டுதாம், பேப்பர் மேல."

மண் கொட்டுகிறது என்று கேட்டதும் இயக்குநர் அறைக்கு ஓடினேன். அந்தத் தாளைத் திருப்பிக் கொடுங்கள், கிழித்துவிடுகிறேன் என்றேன். சனிக்கிழமைத் தபாலிலேயே பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டதாம். லைப்ரரியில் எத்தனை பேரை வைக்கலாம் என்று கேட்டதற்கு, இன்னும் ஒருத்தருக்கு அனுமதி வாங்கலாம், அதற்கு மேல் கேட்காதீர்கள் என்றார்.

திரும்பி வந்து, புதன்கிழமையிலிருந்து நீயும் லைப்ரரிக்குப் போம்மா என்று அமிர்தவள்ளியிடம் சொன்னேன். அவள் சந்தோஷமாக ஓடிப்போய் மற்றவர்களிடம் சொல்லிவிட்டாள். கொஞ்ச நேரத்தில் பிள்ளைகள் எல்லாரும் வந்து, எங்களுக்கும் அங்கே எடம் போடுங்க அங்கிள் என்று என்னைச் சூழ்ந்துகொண்டார்கள்.