குச்சியின் நுனியைப் பிடித்த வாயாடி

மூணு மணிக்கு ரிலே ஃபைனல்! வாயாடிக்குக் காலையிலிருந்தே கால் தரையில் பாவவில்லை. சாதாரண நாளிலேயே அவள் வாய் ஓயாது, இன்றைக்குக் கேட்கவா வேண்டும்? மைதானத்துக்கு வந்த பஸ்ஸில் அவள் பேசின பேச்சில் டிரைவரே திரும்பிப் பார்த்து, "அம்மா தாயே, கொஞ்சம் மூச்சு விட்டுக்கோ" என்று கெஞ்சினார்.

நாலு பேர் அணி அது. முதலில் ஓடுகிறவள் ஒல்லி. கடைசியில் நெட்டை. மூன்றாவது நம் வாயாடி. அவளுக்குக் குச்சி கொடுக்கிற இரண்டாவது ஆள் புதுசு. பள்ளியில் சேர்ந்து மூன்று மாதம் ஆகிவிட்டது, ஆனாலும் பேர் புதுசுதான். ஓட ஆரம்பித்தாள் என்றால், அடேங்கப்பா, பார்க்கிறவர்களுக்கே மூச்சு வாங்கும்!

அவள் முகத்திலும் கைகளிலும் வெள்ளை வெள்ளையாகத் திட்டுகள். உதட்டோரம் ஒன்று, கண்ணைச் சுற்றி ஒன்று, விரல்கள் எல்லாமே பாதிக்கு மேல் வெளுத்திருக்கும். "இது ஒட்டாது, தொட்டா வராது" என்று முதல் நாளே வகுப்பில் எழுந்து நின்று அவளே சொல்லிவிட்டாள். எல்லாரும் தலையை ஆட்டினார்கள். ஆட்டிவிட்டு, பெஞ்சில் ஒரு சாண் தள்ளி உட்கார்ந்தார்கள். நல்ல பிள்ளைகள் போங்கள்!

வாயாடி தள்ளி உட்காரவில்லை. புதுசோடு வாய் வலிக்கப் பேசவும் செய்வாள். ஆனால் அவள் கை இருக்கிறதே, அது மட்டும் சொன்ன பேச்சைக் கேட்காது. ரிலேயில் குச்சி வாங்குகிறவள் திரும்பிப் பார்க்கக் கூடாது. ஓடிக்கொண்டே கையைப் பின்னால் நீட்டவேண்டும். கொடுக்கிறவள் "பிடி!" என்று கத்தினதும், அவள் விரலை ஒட்டி, குச்சியை நடுவில் கப்பென்று பிடிக்கவேண்டும். வாயாடியோ நுனியை மட்டும் இரண்டு விரலால் கிள்ளி வாங்குவாள். ஒரு நாளா, இரண்டு நாளா? மூன்று மாதமாக இதே கதை. யாரும் கவனிக்கவில்லை என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

அன்று காலைத் தகுதிச் சுற்றில் வந்தது வினை. புதுசு பறந்து வந்தாள், "பிடி!" என்றாள், வாயாடி கிள்ளினாள். குச்சி டங்கென்று தரையில்! புதுசு பாய்ந்து எடுத்துக் கொடுத்தாள். ஏதோ, பக்கத்து அணி கோட்டைத் தாண்டி மிதித்து வெளியேறியதால் இவர்கள் தப்பித்து ஃபைனலுக்குள் நுழைந்தார்கள்.

"யாரு விட்டது?" பி.டி. டீச்சர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டார்.

வாயாடியின் வாய்தான் முந்திக்கொண்டது. "அவ சீக்கிரமா விட்டுட்டா டீச்சர்."

புதுசு அவளை ஒரு பார்வை பார்த்தாள்.

"சரி, ஃபைனல்ல உனக்குப் பதிலா சுருட்டை ஓடட்டும். வருத்தப்படாதே, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றார் டீச்சர் புதுசிடம். சுருட்டை என்பவள் மாற்று ஆள், ஐந்தாவதாக வந்திருந்தவள். புதுசு சட்டையில் குத்தியிருந்த நம்பர் துணியைக் கழற்றினாள். நாலு ஊக்கு. ஒவ்வொன்றாக எடுத்து, மூடி, உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, மைதானத்து ஓரப் படியில் போய் உட்கார்ந்தாள். வாயாடி வேறு பக்கம் பார்த்தாள். ஆனாலும் அந்த ஊக்குகள் மூடுகிற சத்தம் காதில் விழுந்துகொண்டே இருந்தது.

"சுருட்டை, ஒரு தடவை கொடுத்துப் பாரு!"

சுருட்டை ஓடி வந்தாள். புதுசு வேகத்தில் பாதிகூட இல்லை. "பிடி!" வாயாடியின் கை தானாகப் பின்னால் போய், சுருட்டையின் விரலோடு சேர்த்து, நடுக் குச்சியைக் கப்பென்று பிடித்தது.

"அப்படித்தான்! பாத்தியா, எவ்வளவு சுலபம்!" டீச்சர் கை தட்டினார்.

வாயாடிக்குப் பகீரென்றது. தன் கையையே பார்த்தாள். கள்ளக் கை! பிடிக்கத் தெரியாத கை இல்லை இது, பிடிக்க மாட்டேன் என்கிற கை. வெட்கத்தில் காது சுட்டது. உண்மையைச் சொன்னால் டீச்சர் தன்னைத்தான் உட்கார வைப்பார். மூன்று மாதமாகக் கனவு கண்ட ஃபைனல்! சொல்லாவிட்டாலோ, அதோ அந்தப் படியில் நாலு ஊக்கோடு ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாளே!

"டீச்சர்! நான் பொய் சொன்னேன்!" கத்தினதில் பக்கத்து அணிகூடத் திரும்பிப் பார்த்தது. "அவ ஒழுங்காத்தான் கொடுத்தா. நான்தான் நுனியைப் பிடிச்சேன். அவ கை படக் கூடாதுன்னு. எப்பவுமே அப்படித்தான் பிடிக்கிறேன்."

வாயாடி வாழ்க்கையிலேயே அவ்வளவு சின்னதாகப் பேசி முடித்தது அன்றைக்குத்தான். டீச்சர் முகம் சிவந்தது. "நீ போய் உட்காரு. சுருட்டை உன் இடத்துல ஓடட்டும்" என்றார்.

வாயாடி அழுதுகொண்டே புதுசின் எதிரில் போய் நின்றாள். "மன்னிச்சுக்கோ."

"எனக்குத் தெரியும். முதல் நாளே தெரியும்."

"பின்னே ஏன்டி டீச்சர்கிட்ட சொல்லலை?"

"சொன்னா உன்னைத் தூக்கிடுவாங்க. என்கூடப் பேசுறது நீ ஒருத்திதானே?" புதுசு தரையைப் பார்த்தபடி சொன்னாள். "உனக்குப் பிடிக்க இடம் வேணும்னுதான் நானும் அடியோரமாவே பிடிச்சுக்கிட்டு ஓடினேன்."

புதுசு எழுந்து டீச்சரிடம் போனாள். "டீச்சர், அவ ஓடினாத்தான் நான் ஓடுவேன்."

டீச்சர் இரண்டு பேரையும் மாறி மாறி முறைத்தார். "ரெண்டும் சேர்ந்து என் உயிரை வாங்குதுங்க! போங்க, நேரமாச்சு!"

வாயாடி ஊக்குகளைப் பிடுங்கிக்கொண்டு, புதுசின் சட்டையில் நம்பரைக் குத்திவிட்டாள். அவசரத்தில் கோணலாகப் போனது, போகட்டும்.

டமால்! துப்பாக்கிச் சத்தம்! ஒல்லி பிய்த்துக்கொண்டு ஓடினாள், குச்சி புதுசிடம் வந்தது. ஐந்தாவதாக வாங்கினவள் நாலாவது ஆனாள், மூன்றாவது ஆனாள். கூட்டம் எழுந்து நின்று கத்தியது. வாயாடி கிளம்பினாள். திரும்பவில்லை. கையை மட்டும் பின்னால் நீட்டினாள், ஐந்து விரலையும் விரித்து. "பிடி!" கப்! குச்சியும் விரல்களும் எல்லாம் சேர்ந்து கைக்குள் வந்தன. சூடாக, ஈரமாக, தன் விரலைப் போலவே இருந்தன. அவ்வளவுதானா? இதற்கா மூன்று மாதம்? வாயாடி ஓடினாள் பாருங்கள், அப்படி ஓர் ஓட்டம்! நெட்டையிடம் குச்சி போனபோது முன்னால் ஒரே ஓர் அணிதான்.

கோட்டில் நெட்டை ஒரு அடியில் தோற்றாள். இரண்டாம் இடம்! டீச்சர் குதித்த குதியைப் பார்த்தவர்கள் முதலிடம் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

மேடையில் நாலு பேரையும் கை கோத்து மேலே தூக்கச் சொன்னார்கள். வாயாடி கையை நீட்டினாள். புதுசு தன் கையை அவசர அவசரமாகச் சட்டையில் துடைத்தாள். "இருடி, ஒரே வேர்வை."

"எனக்கு மட்டும் என்ன, பன்னீரா வடியுது?" என்று வாயாடி அந்தக் கையை இழுத்து, விரலோடு விரல் கோத்து, எட்டின மட்டும் உயரத் தூக்கினாள்.