பொட்டலத்தைத் திருப்பிப் பார்க்கும் பெண்

கடைக்குப் போவது மற்றவர்களுக்குச் சின்ன வேலை. ஹென்னிக்கு அது போலீஸ் விசாரணை. பிஸ்கட் பொட்டலத்தைக் கையில் எடுத்தால் முகத்தைப் பார்க்க மாட்டாள், முதுகைத்தான் பார்ப்பாள். முதுகில் கோஷர் முத்திரை, அதாவது யூத மத விதிப்படி சாப்பிடத் தகுந்தது என்ற சான்று, இருக்கும். அதன் பக்கத்தில் ‘டி’ என்று ஒற்றை எழுத்து நின்றால் உள்ளே பால் இருக்கிறது, அல்லது பால் ஓடிய இயந்திரத்தில் செய்தது என்று அர்த்தம். ‘பரேவ்’ என்று இருந்தால் பாலும் கிடையாது, மாமிசமும் கிடையாது. புரூக்ளினில் அவள் இருந்த பகுதியில் எல்லோருமே அந்த எழுத்தைப் பார்ப்பவர்கள்தான். மாமிசத்தோடு பால் சேரக்கூடாது என்ற விதிக்காக அவர்கள் பார்த்தார்கள். ஹென்னி உயிருக்காகப் பார்த்தாள்.

சின்ன வயதில் யாரோ ஆசையாக ஊட்டிய ஒரு கரண்டி ஐஸ்கிரீம் அவளை ஆம்புலன்ஸில் ஏற்றியது. பால் பட்டால் தொண்டை வீங்கி மூச்சு அடைத்துவிடும். கைப்பையில் வீட்டுச் சாவி இருக்கிறதோ இல்லையோ, அதற்கான மருந்து ஊசி இருக்கும். இருந்தும் அவள் தன்னைப் பாவம் என்று நினைத்ததில்லை. பாலைத் தனியாக ஒதுக்கி வைப்பதற்கென்றே தலைமுறை தலைமுறையாக மல்லுக்கட்டும் ஜனங்களின் நடுவே பிறந்தது எவ்வளவு பெரிய அதிர்ஷ்டம்! மாமிசச் சாப்பாடு போடும் வீட்டில் வெண்ணெய் எட்டிக்கூடப் பார்க்காது. அந்தப் பாத்திரம், கரண்டி, துடைக்கிற துணி எல்லாமே வேறு. உலகத்தில் வேறு எந்த ஊர்க்காரர்கள் அவளுக்காக இவ்வளவு சிரமப்படுவார்கள்?

ஆனால் முத்திரை ஒன்றையே நம்பி வாயைத் திறக்கும் ஆளில்லை அவள். அன்றும் ஒரு சாக்லேட் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, கடை நடுவில் நின்று கம்பெனிக்குப் போன் செய்துகொண்டிருந்தாள். அலமாரிக்கு அந்தப் பக்கம் தயிர் டப்பா எடுக்க வந்த மிஸஸ் பெர்ல், தள்ளுவண்டியை நிறுத்திக் காதைத் தீட்டிக்கொண்டாள். மிஸஸ் பெர்லின் மகன் நஃப்தலிக்குத்தான் ஹென்னியைப் பேசி முடித்திருந்தார்கள். அடுத்த வாரம் நிச்சயதார்த்தம்.

“அதுல பரேவ்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கே, கண்ணு!” என்று தலையை நீட்டினாள்.

ஹென்னிக்குத் தூக்கிவாரிப் போட்டது. “போட்டிருக்கு, மிஸஸ் பெர்ல். ஆனா அதே மெஷின்ல முன்னாடி பால் சாக்லேட் ஓடுச்சான்னு கேட்டுக்கறேன்.”

“ஓடினாத்தான் என்ன? கொதிநீர் விட்டுக் கழுவியிருப்பாங்க. தவறிப்போய் ஒரு துளி விழுந்தாலும் அறுபதுல ஒரு பங்குக்கும் குறைவுன்னா அது கணக்கே இல்லைன்னு நம்ம மதச் சட்டமே விட்டுடுதே.”

“சட்டம் விட்டுடும். நான் விடறதில்லை,” என்று ஹென்னி பெட்டியை அலமாரியிலேயே வைத்துவிட்டாள்.

மிஸஸ் பெர்லுக்கு மெய்சிலிர்த்தது. மதகுருக்களான ரபிமார் சரி என்று சொன்ன பிறகும் தனக்கு மேலே ஒரு கட்டுப்பாடு போட்டுக்கொள்ளும் பெண்! இந்தக் காலத்தில்! தயிர் டப்பாவை மறந்து நேரே தெருவுக்குப் போனவள், மாலைக்குள் தன் வருங்கால மருமகளின் பக்தியை முடிவெட்டும் கடை வரைக்கும் கொண்டு சேர்த்துவிட்டாள்.

ஹென்னி வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னதும் அவள் அம்மா ஃபேகிக்கு வாயெல்லாம் பல்.

“நல்லதாப் போச்சு! நாமளா சொன்னோம்? அவங்களா நினைச்சுக்கிட்டாங்க.”

“அம்மா, அது பக்தி இல்லை, பயம். உண்மையைச் சொல்லிடலாம்.”

“சொல்லு, சொல்லு. உடனே ‘இது பரம்பரையா?’ன்னு கேப்பாங்க. ‘பிறக்கிற குழந்தைக்கும் வருமா?’ன்னு கேப்பாங்க. சம்பந்தம் போயிடும். உனக்குப் பின்னால ரெண்டு தங்கச்சிங்க நிக்கறாங்க, மறந்துடாதே. கல்யாணம் ஆகட்டும்.”

“ஆன பிறகு?”

“ஆன பிறகு அவங்க பாடு.”

ஃபேகி கெட்டவள் இல்லை. அந்தத் தெருவில் பெண்ணைப் பெற்றவர்கள் எல்லோரும் எதையாவது மூடித்தான் வைத்திருந்தார்கள். ஒருத்தி மகளின் ஆஸ்துமாவை மூடினாள், ஒருத்தி தாத்தாவின் சர்க்கரையை மூடினாள். ஹென்னிக்குத்தான் பொறுக்கவில்லை. நஃப்தலியை அவளுக்குப் பிடித்திருந்தது. அதிகம் பேசாதவன், பேசினால் சிரிப்பு வரும்படி பேசுபவன். அவனை இழக்க மனமில்லாமல்தான் அவளும் வாயை மூடிக்கொண்டாள். அந்த அவமானம் மீன் முள்ளாக உள்ளே குத்திக்கொண்டே இருந்தது.

நிச்சயதார்த்தம் பெர்ல் வீட்டில். முன்னறையில் ஆண்கள் கூட்டம், பாட்டு, மேசையைத் தட்டும் சத்தம். கதவுக்கு இந்தப் பக்கம் பெண்கள். சாப்பிட உட்கார்ந்ததும் மிஸஸ் பெர்ல் சமையலறையிலிருந்து ஊர்வலம் போல வந்தாள். கையில் நீலக் கரை போட்ட பெரிய பீங்கான் தட்டு. அதன் மேல் நாலு விரல் உயரத்தில், லேசாக நடுங்கும் பாலாடைக்கட்டி கேக்.

“எல்லாரும் கேட்டுக்கோங்க! இது கண்ட கடைப் பால் இல்லை. மாட்டைக் கறக்கும்போதே நம்ம ஆள் பக்கத்துல நின்னு கண்ணால பார்த்த பால். அதுலயும் எந்த ரபி ரொம்பக் கெடுபிடியோ அவர் முத்திரையாத் தேடித் தேடி வாங்கினேன். அடுப்பைச் சுட்டுச் சுத்தம் பண்ணினேன். புதுக் கத்தி, புதுப் பாத்திரம். எல்லாம் என் ஹென்னிக்காக. முதல் வாய் அவளுக்குத்தான்!”

முள்கரண்டியில் ஒரு துண்டை எடுத்து நீட்டினாள். அத்தைகள், சித்திகள், பக்கத்து வீட்டுக்காரிகள், எல்லோரும் முகம் மலர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேசையின் அந்தக் கோடியிலிருந்து ஃபேகி கண்ணைக் காட்டினாள்: வயிறு நிறைந்துவிட்டது என்று சொல், தலைவலி என்று சொல், எதையாவது சொல்லித் தொலை.

தப்பித்துவிடலாம்தான். ஆனால் இன்று வயிறு நிறைந்திருக்கும், நாளைக்குத் தலை வலிக்கும், அதற்கடுத்த நாள்? இந்த அம்மாள் கையால் ஆயுசு முழுக்கச் சாப்பிடப்போகிறவள் அவள். என்றைக்காவது ஒருநாள் இந்த அன்பே அவளைக் கொன்றுவிடும்.

ஹென்னி நாற்காலியைத் தள்ளி எழுந்தாள்.

“மிஸஸ் பெர்ல், என்னால இதைச் சாப்பிட முடியாது. எந்த ரபி முத்திரை போட்டாலும் முடியாது. நான் பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கறது பக்தியால இல்லை. பால் பட்டா எனக்குத் தொண்டை அடைச்சு மூச்சு நின்னுடும். அறுபதுல ஒரு பங்கு கணக்கில்லைன்னு சட்டம் சொல்லுது. என் தொண்டை அந்தச் சட்டத்தைப் படிக்கலை. உங்ககிட்ட முன்னாடியே சொல்லியிருக்கணும். சொல்லாதது தப்பு. கல்யாண ஒப்பந்தம் வாசிக்கறதுக்குள்ள உங்க மகன்கிட்ட சொல்லிடுங்க. அவர் வேண்டாம்னு சொன்னா நான் போயிடறேன்.”

ஃபேகி கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மிஸஸ் பெர்ல் நீட்டிய கரண்டியை மெல்லத் தட்டிலேயே வைத்தாள். பக்கத்தில் கிடந்த நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

“அப்போ நீ புனிதவதி இல்லையா?”

“இல்லை.”

“சத்தியமா இல்லையா?”

“சத்தியமா இல்லை, மிஸஸ் பெர்ல்.”

மிஸஸ் பெர்ல் இரண்டு கையையும் மேலே தூக்கி, “கடவுளே, உனக்குக் கோடிப் புண்ணியம்!” என்றாள். “பத்து நாளா எனக்குத் தூக்கமில்லைடீ! கடையில உன்னைப் பார்த்தேனா, வீட்டுக்கு வந்து அலமாரியைத் திறந்தா ஒண்ணும் உனக்கு ஆகாதுன்னு தோணுது. பாதி சாமானைத் தூக்கிக் குப்பையில போட்டேன். என் புருஷன் ஆசையாத் தின்னுற பிஸ்கட்டையும் சேர்த்துப் போட்டேன். மனுஷன் என்னோட பேசறதே இல்லை. இந்த வீட்டுக்கு ஒரு புனிதவதி வந்து, நான் சமைச்சதையெல்லாம் மூக்கைச் சுளிச்சுப் பார்க்கப்போறாளேன்னு நடுங்கிக்கிட்டு இருந்தேன். பால் ஒத்துக்காதா? இவ்வளவுதானா? ஒத்துக்காதவளுக்கு நான் சமைச்சுடுவேன். புனிதவதிக்குச் சமைக்க என்னால ஆகாதும்மா!”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அது அறை முழுக்கத் தொற்றிக்கொண்டது.

ஹென்னி மட்டும் சிரிக்கவில்லை. “அவர்கிட்ட சொல்லுங்க,” என்றாள்.

மிஸஸ் பெர்ல் எழுந்து, ஆண்கள் பக்கத்துக் கதவைத் திறந்து, பாட்டையும் மீறிக் கத்தினாள். “டேய் நஃப்தலி! இந்தப் பொண்ணுக்குப் பால் ஆகாதாம். பட்டா உயிருக்கே ஆபத்தாம். தெரியுமா உனக்கு?”

பாட்டு நின்றது. நஃப்தலி காது நுனி வரை சிவந்துபோய் வாசலில் வந்து நின்றான். “தெரியும்மா.”

“தெரியுமா? யார் சொன்னா?”

“யாரும் சொல்லலை. ரெண்டாவது தடவை ஹோட்டல்ல சந்திச்சப்போ என் காப்பிக்குப் பால் வந்துச்சு. இவ நாற்காலி தானா ஒரு முழம் பின்னால போச்சு. அதுலேருந்து நான் கறுப்புக் காப்பிதான் குடிக்கறேன்.” ஹென்னியைப் பார்க்காமலே சேர்த்துக்கொண்டான்: “சகிக்கவே இல்லை. இருந்தாலும் குடிக்கறேன்.”

“எங்கிட்ட ஏண்டா சொல்லலை?”

“நீங்க எங்கே பேச விட்டீங்க? பத்து நாளா இவ பக்தியைப் பத்தித்தானே பேசறீங்க!”

ஹென்னிக்கு அப்போதுதான் அழுகை வந்தது. ஆம்புலன்ஸில் ஏற்றிய அன்றுகூட அவள் இப்படி அழுததில்லை. நெஞ்சிலிருந்த முள் கழன்று போய்விட்டது. அவளுக்கே கேட்கும்படி மூச்சு தாராளமாக வந்து போனது.

உள்ளே ஒப்பந்தத்தை வாசித்து முடித்தார்கள். வழக்கப்படி இரண்டு அம்மாக்களும் சேர்ந்து ஒரு தட்டை உடைக்க வேண்டும். உடைந்த தட்டு ஒட்டாது. அதுபோல இந்தப் பேச்சை இனி யாராலும் மாற்ற முடியாது என்று அர்த்தம். அதற்கென்றே பூப்போட்ட புதுத் தட்டு ஒன்றை ரிப்பன் கட்டி வைத்திருந்தார்கள்.

மிஸஸ் பெர்ல் அதைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்தாள். “இது எவ்வளவு அழகா இருக்கு. எதுக்கு உடைக்கணும்? மாமிசத்துக்கு வச்சுக்கறேன். ஹென்னி இதுல சாப்பிடட்டும்.”

பிறகு நீலக் கரை போட்ட பெரிய தட்டிலிருந்த கேக்கை வழித்தெடுத்து ஆண்கள் பக்கம் அனுப்பினாள். ஹென்னியைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, காலித் தட்டை மேசைத் துணியில் நன்றாகச் சுற்றினாள். ஃபேகியின் கையை இழுத்து மறுமுனையில் வைத்தாள். இருவருமாகத் தூக்கி நாற்காலியின் முதுகில் ஓங்கி அறைந்தார்கள். துணிக்குள் தட்டு நொறுங்கிய சத்தம் முன்னறை வரை கேட்டது. “மசல் டோவ்!” என்ற வாழ்த்தொலியில் வீடே அதிர்ந்தது.

ஃபேகி துணி மூட்டையை விடாமல் பிடித்தபடி தேம்பினாள். “நான்தான் மறைக்கச் சொன்னேன். என்னை மன்னிச்சுடுங்க. உங்க நல்ல தட்டும் போச்சு.”

“அழாதே ஃபேகி,” என்றாள் மிஸஸ் பெர்ல், வியர்வையைத் துடைத்துக்கொண்டு. “உள்ளே அந்த செட்டுல இன்னும் பதினோரு தட்டு இருக்கு. மனசு ஆறலைன்னா வா, எல்லாத்தையும் உடைச்சிடலாம்.”