பறி கவ்விய வாய்

சுப்பராயன் செத்த பன்னிரண்டாம் நாள் அவர் மனைவி தாயம்மா பெனிஷாவுக்குப் போன் போட்டாள். "கண்ணு, அந்தப் பொட்டிய எடுத்துகினு வா. அவரு மெட்டு அதுல கீதுல்ல."

பெனிஷா கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிற பெண். எண்ணூர் முகத்துவாரத்தில் மூங்கில் நட்டு, தண்ணீருக்குள் மைக் கட்டி வைத்திருந்தாள். அங்கே ஒரு சின்ன இறால் கொடுக்கைச் சொடுக்கிக்கொண்டே இருக்கும். சொடுக்கு கேட்கிற இடத்தில் உயிர் மிச்சம். அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த இடத்தில் ஒன்றும் கேட்காது. மூன்று மாதமாக அவளுக்கு இடம் காட்டியவர் சுப்பராயன்.

கழுத்தளவு தண்ணீரில் நின்று கையால் துழாவி இறால் பிடிக்கிறவர். இரண்டு கையும் தண்ணீருக்குள் இருக்கும், அதனால் பிடித்ததைப் போடும் பனையோலைப் பறியைப் பல்லில் கவ்விக்கொள்வார். பாட்டு மூக்கு வழியாக வரும். சொல்லே இல்லாத மெட்டு. அது கரைக்குக் கேட்டால் ஆள் பத்திரம் என்று தாயம்மா வலை பின்னிக்கொண்டிருப்பாள்.

"கருமாதிக்கு மாமா மெட்டுலயே கானா கட்டச் சொல்லுது அத்த," என்றான் தாயம்மாவின் அண்ணன் மகன் தீனா, லேப்டாப்போடு வந்த பெனிஷாவிடம். "பாடிக் காட்டுன்னா ஆடு மாதிரி கத்துது. மாமா எந்திரிச்சு ஓடியிருப்பாரு."

"போடா கஸ்மாலம்." தாயம்மா சிரித்துக்கொண்டே மூக்கைச் சிந்தினாள்.

பெனிஷா லேப்டாப்பைத் திறக்கவில்லை. "அக்கா, இதுல பாட்டு இல்ல."

"மைக்காண்டயே நின்னுகினு இருந்தாரே, எப்டி இல்லாம போவும்?"

"அவர் பாடினா சத்தம் தண்ணிக்குள்ள இறங்குது. சொடுக்க எண்ண முடியல. மொத நாளே பாடாதீங்கன்னு சொல்லிட்டேன். அப்புறம் அவர் பாடவே இல்ல."



"மூணு மாசம் முன்ன பொண்ணு கல்யாணத்துல அவரு தங்கச்சிய ஒரு வார்த்த சொல்லிட்டேன். அந்தக் கோவத்துல பாட்ட நிறுத்திட்டாருன்னு நெனச்சேன். நானும் வீம்புக்கு இன்னான்னு கேக்கல." தாயம்மா முந்தானையை விரலில் சுற்றினாள். "அவரு போன அன்னிக்கும் சத்தமில்ல. தெனமும் அப்டித்தானேன்னு வல பின்னிகினு இருந்தேன். நெஞ்சப் புடிச்சிகினு சாஞ்சது எப்பன்னே தெரியல. பறி மெதந்து வந்தப்பறந்தான் ஓடினேன்."

தீனா மடியில் வைத்திருந்த டோலக்கைக் கீழே வைத்தான்.

"அவரு பேசினது ஏதாச்சும் கீதா?"

"மொத நாள் மைக்க எறக்கறதுக்கு முன்னாடி கொஞ்சம் இருக்கும்." பெனிஷா தேடி எடுத்துப் போட்டாள்.

காற்று இரைச்சல். அப்புறம் சுப்பராயன், பக்கத்தில் நிற்கிறாற்போல:

"பாடக் கூடாதா? சர்தான், பாடல. ஆனா எங்கூட்டம்மாவாண்ட சொல்லிடு கண்ணு. எங்க ரெண்டு பேருக்கும் பேச்சு இல்ல. சத்தம் வரலன்னா அது பயந்துக்கும்."

"சொல்லிடறேன் அண்ணே." பெனிஷாவின் குரல்.

தொபுக்கென்று மைக் தண்ணீரில் விழுந்தது. அதன்பிறகு எண்ணெயில் கடுகு பொரிவதுபோல இறால் சொடுக்கு மட்டும்.

பெனிஷா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். "மறந்துட்டேன் அக்கா. மறந்தே போயிட்டேன்."

தாயம்மா அவளைத் திட்டவில்லை, தொடவும் இல்லை. சொடுக்கு முடிகிறவரை குனிந்து கேட்டாள். பிறகு, பெட்டியைப் பார்த்தே சொன்னாள்:

"பயந்துக்கும்னு சொன்னியேய்யா. நான் பயப்படலியே."