வரப்போரம் கொடுத்த வாக்கு

திரும்பி வந்த லாரியிலிருந்து இறக்கிய காலிஃப்ளவர் பெட்டிகள் கொட்டகையின் விட்டம்வரை நின்றன. பெண்கள் நீள மேசையின் இருபுறமும் நின்று, ஒவ்வொரு பூவாக எடுத்து, அதைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் தாளை உரித்துக்கொண்டிருந்தார்கள். போன வாரம் அதைச் சுற்றியதும் அவர்கள்தான். தாளில் பச்சை எழுத்தில் சூப்பர்மார்க்கெட் கம்பெனியின் பெயர். பூ வேண்டாம் என்று திருப்பி அனுப்பிய கம்பெனி, தன் பெயர் போட்ட தாளோடு அதை வேறு எவனுக்கும் விற்கக் கூடாது என்றும் சொல்லிவிட்டது.

இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் நவம்பர் மாதம் எதுவும் காய்வதில்லை. தாளுக்குள் அடைபட்ட பூ வியர்த்து, ஓரம் பழுத்து, பழுப்பு நீர் விட்டது. உரிக்கும்போது அது மணிக்கட்டு வழியாகச் சட்டைக் கைக்குள் இறங்கியது. கூழ்முட்டை நாற்றம். மூன்று நாளாக வீட்டில் குளித்தும் போகவில்லை.

"பூவப் பிய்க்காதீங்கடி, தாள மட்டும் உரிங்க," என்றாள் பெரில் டவுஸ். கொட்டகைக்கு அவள்தான் மேஸ்திரி.

"ஊறுகாக்காரனுக்குத்தானே போகுது?" என்றாள் யோலான்டா. லிதுவேனியாவிலிருந்து வந்தவள், வாய் அதிகம். "அவன் பொடிப்பொடியா நறுக்கிக் கடுகுல போடப் போறான். பிஞ்சிருந்தா அவனுக்கு வேல மிச்சம்."

"பிஞ்சதுக்கு அவன் தர வெலைல உன் வாய மூடக்கூட ஒரு ரொட்டி வாங்க முடியாது, கண்ணு."

மேசை முழுக்கச் சிரிப்பு. அப்போது நார்மன் பாக்ளிங்டன் உள்ளே வந்தார். குத்தகைக்கு நிலம் எடுத்து இந்தப் பண்ணையை நடத்துபவர். ஸ்பால்டிங் டவுனில் வக்கீலைப் பார்த்துவிட்டு வருகிறார். தொப்பியைக் கழற்றாமலேயே ஒரு காலிப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார்.

நடந்தது இதுதான். ஜூன் மாதம் கம்பெனியின் கொள்முதல் அதிகாரி ஜூலியன் ஃப்ரேன் வயலுக்கு வந்தான். நார்மனின் மனைவி பன்றிக்கறி அடைத்துச் சுட்ட மாவுப் பண்டத்தைத் தின்றுகொண்டே வரப்பில் நின்றான். "இப்பல்லாம் ஜனங்க தனித்தனியா வாழறாங்க, நார்மன். பெரிய பூவ வாங்கிப் பாதியக் குப்பைல போடறாங்க. நெருக்கி நடுங்க. கையகலப் பூ போதும். அத்தனையும் நான் எடுத்துக்கறேன்," என்றான். ஒப்பந்தத்தில் இருந்ததோ பழைய பெரிய அளவு. அதை மாற்றி எழுதித் தரும்படி நார்மன் கேட்கவில்லை. கை குலுக்கிய மனிதனிடம் காகிதம் கேட்பதும் அவனைத் திருடன் என்பதும் அந்தப் பக்கத்தில் ஒன்றுதான். நெருக்கி நட்டார். பூ கையகலத்துக்கு வந்தது. அறுவடை வாரத்தில் ஸ்பெயின் பூ பாதி விலைக்கு வந்து இறங்கியது. கம்பெனிக் கிடங்கில் ஒருவன் பூவின் மேல் அளவு வளையத்தை வைத்துப் பார்த்தான். ஒப்பந்தப்படி இல்லை என்று எல்லா லாரியையும் திருப்பிவிட்டான்.

"என்ன சொன்னாங்க வக்கீலம்மா?" என்று பெரில் கேட்டாள்.

"கோர்ட்டு மொதல்ல எழுதினதத்தான் பாக்குமாம். ஆனா அவன் வாய்ச்சொல்ல நம்பி நாம நட்டிருக்கோமே, அத எடுத்துச் சொல்லலாமாம். அவன் சொன்னதக் கேட்டவங்க யாராவது சாட்சி சொல்லணுமாம்."

"நான் கேட்டேனே! நாத்து நடுற மெஷின்மேலதானே உக்காந்திருந்தேன். பைபிள்மேல கை வச்சு சொல்றேன்."

"இன்னொண்ணு. பூவ அழுக விட்டுட்டு மொத்த நஷ்டத்தையும் குடுன்னா குடுக்க மாட்டாங்களாம். வித்துக் கொறைக்க முடிஞ்சத நாமதான் வித்துக் கொறைக்கணுமாம்."

"நல்ல சட்டம்," என்றாள் யோலான்டா. "அவன் நாய் நம்மளக் கடிக்கும். நாயோட பல்லுக்கு வலிக்காமப் பாத்துக்கறதும் நம்ம வேல."

பெரில் மறுநாளே போய் வாக்குமூலம் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தாள். வக்கீல் நோட்டீஸ் கம்பெனிக்குப் போயிற்று.

அடுத்த வாரம் ஃப்ரேனே வந்தான். மழைக்குப் பிந்திய களிமண் முற்றத்தில் சாம்பல் நிறக் காரை நிறுத்தி, புதிய ரப்பர் பூட்ஸைக் காரிலிருந்து எடுத்து மாட்டிக்கொண்டு, கழுத்துத் துணியால் மூக்கைப் பொத்தியபடி கொட்டகையைத் தாண்டினான்.

"என்னங்க இது, இப்படி நாறுது?"

"உங்க பேரு போட்ட நாத்தம்தான் சார்," என்றாள் பெரில்.

அரைமணி கழித்து நார்மன் அவளை வீட்டுச் சமையலறைக்குக் கூப்பிட்டார். மேசைமேல் டீ. ஃப்ரேனின் தட்டில் பாதி தின்ற கறிப் பண்டம். அவன் ஒரு காகிதத்தை அவள் பக்கம் நகர்த்தினான். மெஷின் ஓடிக்கொண்டிருந்ததால் அன்றைக்குப் பேசியது தனக்குத் தெளிவாகக் கேட்கவில்லை என்று பெரில் டவுஸ் சொல்வதாக அதில் அச்சிட்டிருந்தது.

"மெஷின் நின்னுதான் இருந்துச்சு. செயின் அறுந்து கெடந்துச்சு."

"கேக்கவே இல்லன்னு சொல்லச் சொல்லல, பெரில்," என்றான் ஃப்ரேன் இதமாக. "தெளிவா கேக்கல, அவ்வளவுதான். வசந்தத்துல முட்டைக்கோசு ஆர்டர் முழுசையும் நார்மனுக்கே தரலாம்னு இருக்கேன். கேஸ் போட்டவங்ககூட வியாபாரம் வேணாம்பாங்க எங்க மேலிடத்துல. எனக்கும் மேல ஆள் இருக்கு இல்லையா?"

"நாம மூணு பேர்தானே இருக்கோம். சும்மா கேக்கறேன். சொன்னீங்களா, இல்லையா?" என்றாள் பெரில்.

ஃப்ரேன் உதட்டில் ஒட்டியிருந்த துணுக்கை விரலால் எடுத்துப் பார்த்தான். "சொல்லியிருப்பேன். அப்ப ஸ்பெயின்ல என்ன வெலைன்னு யாருக்குத் தெரியும்?"

பெரில் திரும்பி நார்மனைப் பார்த்தாள். அவர் சர்க்கரைக் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆர்டர் இல்லன்னா என்ன ஆகும்?"

"கொட்டகைய மூடணும்," என்றார் நார்மன். "கேஸ் ஜெயிச்சாலும் அதுக்குள்ள நெலம் கையைவிட்டுப் போயிடும். நான் உன்னக் கட்டாயப்படுத்தல, பெரில்."

ஜன்னலுக்கு வெளியே கொட்டகை வாசலில் பெண்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். கோப்பையை நேராகப் பிடித்தால் கை நாற்றம் மூக்கில் ஏறும் என்று இரண்டு விரலால் தள்ளிப் பிடித்துக் குடித்தார்கள்.

"முட்டைக்கோசு ஆர்டர எழுதிக் குடுப்பீங்களா?" என்று பெரில் ஃப்ரேனைக் கேட்டாள்.

"எழுத்து மேலிடத்துலேர்ந்து வரணும், நாளாகும். நமக்குள்ள என்ன? என் வார்த்தை இருக்கே." ஃப்ரேன் மேசைக்குக் குறுக்கே கையை நீட்டினான்.

பெரில் வாயைத் திறப்பதற்குள் நார்மனின் கை அதைப் பிடித்துவிட்டது.

"போட்டுடு, பெரில்," என்றார்.

போட்டாள். காகிதத்தில் அவள் கட்டைவிரல் பட்ட இடத்தில் பழுப்பாக ஈரம் ஊறியது. ஃப்ரேன் அதை ஓரத்தில் பிடித்துத் தூக்கி, உலரும்வரை ஆட்டி, உறைக்குள் போட்டான்.

கார் கிளம்பவில்லை. பின்சக்கரம் களிமண்ணில் சுழன்று அச்சுவரை இறங்கியது. நார்மன் பலகை தேடினார்; கிடைக்கவில்லை. ஃப்ரேன் கண்ணாடியை இறக்கி, "எதையாவது அடியில போடுங்களேன், நேரமாகுது," என்றான். நார்மன் ஒரு கணம் நின்றார். பிறகு கொட்டகைக்குள் போய், உரித்து வைத்திருந்த பூ ஒரு பெட்டியைத் தூக்கி வந்து சக்கரத்துக்கு அடியில் கொட்டினார். போதவில்லை. இன்னொரு பெட்டி கொட்டினார்.

"வாங்கடி, ஒரு கை போடுங்க," என்று அவர் பெண்களைக் கூப்பிட்டார். யாரும் அசையவில்லை. எல்லாரும் பெரிலைப் பார்த்தார்கள். அவள் போய்க் காரின் பின்புறத்தில் இரண்டு கையையும் ஊன்றினாள். மற்றவர்களும் வந்தார்கள்.

"கையெழுத்துப் போட்டுட்டியா?" என்று பக்கத்திலிருந்த யோலான்டா மெல்லக் கேட்டாள்.

"தள்ளு," என்றாள் பெரில்.

எஞ்சின் உறுமியது. கையகலப் பூக்கள் ஒவ்வொன்றாகச் சக்கரத்துக்கு அடியில் நசுங்கின. வெள்ளைக் கூழும் சேறும் பின்னால் பீய்ச்சியடித்து முழங்காலில், மார்பில், முகத்தில் விழுந்தன. பிடிப்புக் கிடைத்ததும் கார் ஒரு குதி குதித்து ஏறி, நிற்காமல் ரோட்டுக்குப் போய்விட்டது. தள்ளியவர்களில் இரண்டு பேர் முன்னால் சாய்ந்து சேற்றில் விழுந்தார்கள்.

பெரில் உதட்டிலிருந்த கூழைத் துப்பினாள். நார்மன் ரோட்டைப் பார்த்து இன்னும் கையை ஆட்டிக்கொண்டிருந்தார்.