இரண்டு பேருக்கான டிக்கெட்

மேற்குத் தாம்பரத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் எப்சிக்குப் பதினாறு வருஷமாக வேலை. ரிசப்ஷனிலும் பில்லிங்கிலும் மாறி மாறி உட்காருவாள். வருகிறவர்களிடம் பெயர், வயது, டாக்டர் சீட்டு எல்லாம் கேட்டு முடித்ததும் கடைசியாக ஒரு கேள்வி கேட்க வேண்டும். "கூட யார் வந்திருக்காங்க?" ஊசி போட்டு எடுக்கிற ஸ்கேன் என்றால் துணைக்கு ஆள் இல்லாதவரை உள்ளே அனுப்பக்கூடாது என்பது அங்கே சட்டம். தனியாக வந்தவர்கள் முழிப்பார்கள். சிலர் வாசலில் நிற்கும் ஆட்டோக்காரரைக் கூட்டி வந்து காட்டுவார்கள். எப்சி அந்த ஆட்டோக்காரரின் நம்பரையே எழுதிக்கொள்வாள்.

நாற்பத்தேழு வயதாகிறது அவளுக்கு. கல்யாணம் ஆகவில்லை. ஊரப்பாக்கத்தில், ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில், ஒற்றை பெட்ரூம் வீட்டில் அம்மாவோடு இருந்தாள். அம்மா ஆறு வருஷம் படுக்கையில் கிடந்து, போன மார்ச்சில் போய்ச் சேர்ந்தார். அந்த ஆறு வருஷமும் எப்சியின் லீவெல்லாம் அம்மாவுக்கே சரியாக இருந்தது. இந்த வருஷம் நவம்பரில் மேனேஜர் கூப்பிட்டு, "மேடம், உங்களுக்கு ஏழு நாள் லீவு நிக்குது. டிசம்பருக்குள்ள எடுக்கலேன்னா போயிடும்" என்றபோது அவளுக்கு ஒரு மாதிரி இருந்தது. லீவு எடுத்து என்ன செய்வது என்று சட்டென்று ஒன்றும் தோன்றவில்லை.

முதல் நாள் லீவை வீட்டிலேயே எடுத்துப் பார்த்தாள். காலை ஒன்பதரைக்கெல்லாம் வேலை முடிந்துவிட்டது. துணி காயப்போட்டாள், ஃபிரிட்ஜைத் துடைத்தாள், அம்மாவின் கட்டிலைச் சுவரோரம் நகர்த்தினாள், திரும்பப் பழைய இடத்துக்கே இழுத்துவந்து போட்டாள். மத்தியானம் படுத்தால் தூக்கம் வரவில்லை. மூன்று மணிக்கு ஸ்கேன் சென்டருக்கே போன் பண்ணி, "எல்லாம் சரியா போகுதா ஜெயஸ்ரீ?" என்று கேட்டாள். பக்கத்து சீட்டுக்காரி ஜெயஸ்ரீ, "லீவுல இருக்கிறவங்க எதுக்குக்கா போன் பண்றீங்க? எங்கயாவது போய்ட்டு வாங்களேன்" என்று சிரித்தாள்.

போவதென்றால் எங்கே? அப்போதுதான் பார்க் ஞாபகம் வந்தது. வண்டலூர் தாண்டி, கேளம்பாக்கம் ரோட்டில் உள்ளே போனால் ஒரு தீம் பார்க் இருக்கிறது. வருஷா வருஷம் மே மாதம் அவளுடைய சர்ச்சில் சண்டே ஸ்கூல் பிள்ளைகளை அங்கே அழைத்துப் போவார்கள். பெயர் எழுதுவது, பெற்றோரிடம் கையெழுத்து வாங்குவது, எந்தப் பிள்ளைக்கு வாந்தி வரும் என்று குறித்து வைப்பது எல்லாம் எப்சி. விடியற்காலையில் லெமன் சாதம் பொட்டலம் கட்டி, பஸ்ஸில் ஏற்றி, கையசைத்துவிட்டு அம்மாவுக்குக் கஞ்சி கொடுக்க வீட்டுக்கு ஓடுவாள். இதுவரை அந்தப் பார்க்கின் வாசலைக்கூட அவள் பார்த்ததில்லை.

அன்று சாயங்காலமே போனில் தேடி, ஒரு பழைய டைரியில் எழுத ஆரம்பித்தாள். வண்டலூர் வரை ரயில், அங்கிருந்து பஸ். பத்து மணிக்குத் திறக்கிறார்கள், ஆறுக்கு மூடுகிறார்கள். சனி ஞாயிறில் டிக்கெட் விலை அதிகம், கூட்டமும் அதிகம், ஆகவே புதன்கிழமை. தண்ணீர் விளையாட்டுக்கு நைலான் துணிதான் போட வேண்டுமாம், பருத்தி கூடாதாம். அது வேண்டாம். அதில்லாமல் தரையில் ஓடுகிற ராட்டினங்களுக்கு மட்டும் தனி டிக்கெட் இருந்தது. வரிசையில் நிற்காமல் முன்னால் போக ஒரு டிக்கெட், அது இரண்டு மடங்கு. புதன்கிழமை வரிசை எங்கே இருக்கப்போகிறது, அதுவும் வேண்டாம். அம்மாவுக்கு மருந்து நேரம் எழுதுகிற மாதிரி வரிசையாக எழுதி, வேண்டாததை அடித்தாள். அன்றைக்கு நாள் முழுக்க இல்லாத ஒரு சுறுசுறுப்பு அதில் இருந்தது.

சாப்பாட்டோடு சேர்ந்த டிக்கெட் நல்லதா, தனியாக வாங்குவது நல்லதா என்பதில் மட்டும் குழப்பம். பார்க்கின் வெப்சைட்டில் போட்டிருந்த நம்பருக்கு அடித்தாள். ஒரு சின்னப் பெண் எடுத்தாள்.

"சொல்லுங்க மேடம், எத்தனை பேர் வர்றீங்க?"

எப்சிக்கு "ரெண்டு பேர்" என்று வாயில் வந்துவிட்டது.

"அப்போ டபுள் பேக் போட்டுக்கங்க மேடம். ரெண்டு பேருக்கும் லஞ்ச் சேர்த்தே வரும். உங்களுக்குக் கம்மியாவும் ஆகும்."

"சரிம்மா" என்றாள் எப்சி. ஏன் சரி என்றாள் என்று அவளுக்கே தெரியவில்லை. அந்தப் பெண் அனுப்பிய லிங்க்கில் பணம் கட்டினாள். தேதி மாற்ற முடியாது, பணம் திரும்பக் கிடைக்காது என்று கீழே சின்ன எழுத்தில் இருந்தது. இரண்டு டிக்கெட்டும் போனில் வந்து விழுந்தன.

வந்த பிறகு பொய்யை நிஜமாக்கிவிடலாம் என்று தோன்றியது. அவளுடைய அக்கா ரோஸி கோயம்புத்தூரில் இருந்தாள். அக்காவின் மகள் ஜீவிதா மேடவாக்கத்தில் ஃபிளாட் எடுத்துத் தங்கி, ஓ.எம்.ஆரில் ஐ.டி. கம்பெனிக்குப் போய்வந்தாள். எப்சி அவளைக் கூப்பிட்டாள்.

"சொல்லுங்க சித்தி! சாப்டீங்களா?"

"ஆச்சுடி. வர்ற புதன்கிழமை உனக்கு லீவு கெடைக்குமா?"

"வெட்னஸ்டேவா? அய்யோ சித்தி, அந்த வாரம் எங்க சாஃப்ட்வேர் ரிலீஸ் இருக்கு. பாத்ரூம் போகக்கூட டைம் இருக்காது. ஏன் சித்தி, எதாவது ஹாஸ்பிடல் விஷயமா?"

"சேச்சே, அதெல்லாம் இல்ல. சும்மா கேட்டேன்."

"சண்டே வரட்டுமா? இந்த சண்டே இல்ல, அடுத்த சண்டே பாக்கலாம்."

"உனக்கு முடியறப்ப வா" என்றாள் எப்சி. டிக்கெட்டைப் பற்றி மூச்சு விடவில்லை.

புதன்கிழமை பத்து மணிக்குப் பார்க் வாசலில் இருந்தாள். நீலச் சட்டை போட்ட பையன் அவள் போனை ஸ்கேன் பண்ணிவிட்டு, "இன்னொருத்தங்க எங்க மேடம்?" என்றான்.

"பின்னாடி வராங்க."

"சரி. லஞ்ச் கூப்பன் ரெண்டையும் வச்சிக்கங்க. கையில கட்டுற பேண்டு, அவங்களோடது மட்டும் அவங்க வந்தாதான் தருவேன்."

உள்ளே அவள் நினைத்ததைவிட அதிகக் கூட்டம். எங்கோ ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து பத்து பஸ்ஸில் பிள்ளைகள் வந்திருந்தார்கள். ஒரு கம்பெனியிலிருந்து மஞ்சள் டீ-ஷர்ட் போட்ட ஐம்பது பேர் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். எல்லாரும் யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எப்சி போனையும் கூப்பனையும் மட்டும் சுடிதார் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு ஹேண்ட்பேகை லாக்கரில் வைத்தாள். கை காலியானதும் அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டாள்.

முதலில் ரோலர் கோஸ்டர் வரிசையில் நின்றாள். பாதி வரிசைகூட நகராத நேரத்தில் மேலேயிருந்து ஆபரேட்டர் கத்தினான்: "சிங்கிள் யார்னா கீறீங்களா? ஒரு சீட்டு கீது!"

யாரும் கை தூக்கவில்லை. எல்லாரும் ஜோடி, கும்பல். எப்சி மெதுவாகக் கையைத் தூக்கினாள்.

"வாம்மா, வா வா, வழி வுடுங்கப்பா!"

நாற்பது பேரைத் தாண்டிக்கொண்டு போய் உட்கார்ந்தாள். பக்கத்தில் பள்ளி யூனிஃபார்மில் ஒரு பெண், பதினைந்து வயது இருக்கும். அவளுடைய தோழிகள் முன் சீட்டில் ஜோடி சேர்ந்துவிட்டார்கள் போல. வண்டி உச்சிக்கு ஏறி ஒரு நொடி நின்றபோது அந்தப் பெண் எப்சியின் கையைப் பிடித்தாள். பிடி என்றால் அப்படி ஒரு பிடி, நகம் பதிந்தது. கீழே விழுந்த வேகத்தில் எப்சி கத்தினாள். எத்தனையோ வருஷமாக அவள் இப்படிக் கத்தியதில்லை. அந்தப் பெண்ணும் கத்தினாள். இரண்டு பேரும் ஒருவர் கையை ஒருவர் நசுக்கிக்கொண்டு இரண்டு நிமிஷம் ஒரே குரலாகக் கத்தினார்கள்.

வண்டி நின்றதும் அந்தப் பெண் கையை உருவிக்கொண்டு, தோழிகளைப் பார்த்து, "செமடீ!" என்று ஓடினாள். எப்சி பக்கம் திரும்பவே இல்லை. எப்சி நிதானமாகப் படியிறங்கினாள். மணிக்கட்டில் நான்கு நகக்குறி சிவப்பாக இருந்தது.

அடுத்தது ஜயண்ட் வீல். அங்கே வரிசையே இல்லை. ஆனால் ஆபரேட்டர் கை நீட்டி மறித்தான்.

"எத்தினி பேரு மேடம்?"

"ஒருத்தர்தான்."

"தனியா ஏத்த மாட்டோம். ஒரு பெட்டிக்கு ரெண்டு பேராவது வேணும்."

"என்கிட்ட ரெண்டு டிக்கெட் இருக்குப்பா" என்று அவள் போனை எடுத்துக் காட்டினாள்.

அவன் போனைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். கிண்டல் இல்லாமல்தான் சொன்னான். "டிக்கெட்டு இருந்தா ஆவாது மேடம். ஆளு வேணும்."

வேறு யாராவது தனியாக வந்தால் சேர்ந்து ஏறலாம் என்று ஓரமாக நிற்கச் சொன்னான். எப்சி அரைமணி நேரம் நின்றாள். மூன்று பேராக வந்தார்கள், ஐந்து பேராக வந்தார்கள். தனியாக யாரும் வரவில்லை. வருகிற குடும்பங்களிடம் 'நானும் ஏறிக்கலாமா' என்று கேட்டிருக்கலாம். கேட்க வாய் வரவில்லை. ஆபரேட்டர் அவளைப் பார்க்காத மாதிரி இருக்க ஆரம்பித்ததும் அவள் அங்கிருந்து நகர்ந்தாள்.

சாப்பாட்டுக் கூடத்தில் கூப்பன் இரண்டையும் கொடுத்தாள். ஒன்றை மட்டும் கொடுக்கத்தான் நினைத்தாள். கவுன்டரில் இருந்தவர் இரண்டையும் வாங்கிக் கிழித்துவிட்டு இரண்டு தட்டு நிறைய வெஜ் பிரியாணியும் தயிர்ப்பச்சடியும் வைத்துவிட்டார். இரண்டு தட்டையும் இரண்டு கையில் ஏந்தி, இடித்துக்கொண்டு போகிறவர்களுக்கு வழிவிட்டு, ஒரு மூலை மேஜையில் வைத்து உட்கார்ந்தாள். ஒரு தட்டு தன் முன்னால். இன்னொன்று எதிரே. ஒரு வாய் எடுத்து வைத்தாள். இறங்கவில்லை. இந்தப் பிரியாணிக்கா இவ்வளவு தூரம் வந்தோம் என்று இருந்தது. அம்மா இருந்த காலத்தில், அம்மாவுக்கு ஊட்டிவிட்டு, ஆறிப்போன சோற்றை நின்றுகொண்டே தின்றாலும் இப்படி அடைத்ததில்லை.

"அக்கா, இங்க ஆளு கீதா?"

மஞ்சள் டீ-ஷர்ட் போட்ட ஒரு பெண், இடுப்பில் மூன்று வயதுப் பெண்குழந்தையோடு, எதிர் நாற்காலியைக் காட்டிக் கேட்டாள். முப்பது வயதுகூட இராது.

"ஆமா, வராங்க" என்றாள் எப்சி.

அந்தப் பெண் தலையாட்டிவிட்டு நகர்ந்து, தூணோரம் நின்றபடியே குழந்தைக்குப் பிஸ்கட் பிரித்துக் கொடுத்தாள். குழந்தையைக் கைமாற்றிக் கைமாற்றி இடுப்பு நோக நின்றாள். எப்சி பார்த்துக்கொண்டே இருந்தாள். எதிரே பிரியாணி ஆறிக்கொண்டிருந்தது.

"இந்தாம்மா" என்று கூப்பிட்டாள். "வா, உக்காரு. ஆள் யாரும் இல்ல."

"வர்றாங்கன்னியேக்கா?"

"வரல. வர்றதாவே இல்ல. நான் ஒருத்திதான். இதையும் சாப்பிடு, யாரும் தொடல."

அந்தப் பெண் கொஞ்சம் தயங்கி உட்கார்ந்தாள். பெயர் தீபா. புருஷனுக்குத் திருமுடிவாக்கத்தில் ஒரு ஃபேப்ரிகேஷன் கம்பெனியில் வெல்டர் வேலை, வீடும் அங்கேயே. கம்பெனியில் கூட்டி வந்திருக்கிறார்கள்.

"உன் வீட்டுக்காரர் எங்க?"

"அவுரா? வந்ததுலேர்ந்து தோஸ்துங்களோட தண்ணியில குதிச்சிகினு கீறாரு. பாப்பா ஒசரம் பத்தலேன்னு எதுலயும் ஏத்த மாட்றாங்கோ. வுட்டுட்டு நான் எங்க போறது? காலைலேர்ந்து பெஞ்சு பெஞ்சா உக்காந்துகினு கீறேன். ஒரே பேஜாருக்கா." சொல்லிவிட்டு எப்சியைப் பார்த்தாள். "நீ இன்னாக்கா, ஒண்டியாவா வந்தே? தில்லுதான் உனக்கு."

எப்சிக்குச் சிரிப்பு வந்தது. அதற்குப் பிறகு பிரியாணியும் இறங்கியது.

"ஜயண்ட் வீல்ல குழந்தைய ஏத்துவாங்க. பெரியவங்க கூட இருந்தா போதும்னு போர்டு பார்த்தேன். எனக்கும் ஒரு ஆள் வேணும். வர்றியா?"

மூன்று பேரும் ஏறினார்கள். ஆபரேட்டர் எப்சியைப் பார்த்து, "கெடைச்சிட்டாங்களா மேடம்?" என்று கதவைச் சாத்தினான். பெட்டி மேலே போகப் போக ஏரிகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன, தூரத்தில் வண்டலூர்க் காட்டுப் பச்சை, இந்தப் பக்கம் ஓ.எம்.ஆரின் உயரக் கட்டிடங்கள். குழந்தை பயந்து எப்சியின் மடியில் ஏறிக் கழுத்தைக் கட்டிக்கொண்டது. அதன் தலையில் பிஸ்கட் வாசனை. தீபா இரண்டு கம்பியையும் பிடித்துக்கொண்டு, "எம்மாடி! எங்க வூடு எந்தப் பக்கம்க்கா?" என்றாள். எப்சி கை காட்டினாள். சரியான பக்கம்தானா என்று அவளுக்கும் தெரியாது. தீபாவும் தலையைத் திருப்பி ரொம்ப நேரம் அந்தப் பக்கமே பார்த்தாள்.

இறங்கினதுமே தீபாவின் போன் அடித்தது. "தோ வந்துட்டேன்" என்று குழந்தையை வாங்கிக்கொண்டாள். "எங்க ஆளுங்க டான்ஸாம், குரூப் போட்டோவாம். வர்றேன்க்கா. பாப்பா, அத்தைக்கு டாட்டா சொல்லு." குழந்தை சொல்லவில்லை. இரண்டு பேரும் மஞ்சள் கூட்டத்தில் கலந்துபோனார்கள். போன் நம்பர் கேட்டிருக்கலாம் என்று எப்சிக்கு அப்புறம்தான் தோன்றியது. கேட்டிருந்தாலும் கூப்பிட்டு என்ன பேசுவது?

மூடுவதற்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, நாலரைக்கே கிளம்பினாள்.

வண்டலூர் வரும் வழியில் ரோட்டில் பள்ளம் தோண்டியிருந்ததால் பஸ் ஊர்ந்தது. வலதுபக்கம் ஒரு பெரிய பஸ் வந்து ஒட்டி நின்றது. ஜன்னல் நிறைய மஞ்சள் டீ-ஷர்ட். பாட்டு அலறிக்கொண்டிருந்தது. மூன்றாவது ஜன்னலில் தீபா உட்கார்ந்திருந்தாள். குழந்தை தோளில் தூங்க, பக்கத்தில் ஈரத்தலையோடு புருஷனும் அவள் மேல் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தான். அவள் நேரே முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். எப்சி கையை எடுத்துக் கண்ணாடியைத் தட்டப் போனாள். மூன்று அடி தூரம்தான். அதற்குள் அந்த பஸ் நகர்ந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு வந்தபோது ஜீவிதா கூப்பிட்டாள். அபூர்வமாக அவளாகவே கூப்பிட்டிருந்தாள்.

"சித்தி, அன்னைக்கு என்னமோ கேட்டீங்களே, மனசுல இருந்துச்சு. இன்னைக்கு என்ன பண்ணீங்க?"

'சும்மாதான் இருந்தேன்' என்றுதான் எப்சி சொல்லவந்தாள். "தீம் பார்க் போயிட்டு வந்தேன்" என்றாள்.

"வாவ்! யார் கூட?"

"யார் கூடயும் இல்லடி. நான் மட்டும்தான்."

அந்தப் பக்கம் கீபோர்டு தட்டுகிற சத்தம் நின்றது. "தனியாவா? சித்தி... அன்னைக்கு இதுக்குத்தான் கேட்டீங்களா?"

"ஆமா."

ஜீவிதா "சொல்லியிருக்கலாம்ல சித்தி" என்றாள். அவள் குரல் இறங்கியிருந்தது. அதற்குள் பின்னால் யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். "ஒரு நிமிஷம் சித்தி, வந்துடறேன்" என்று வைத்துவிட்டாள்.

எப்சி போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அரைமணி ஆனது. ரிலீஸ் வாரம், பாவம் என்று நினைத்துக்கொண்டாள். எழுந்து போய் மாவை எடுத்து, ஒரு தோசைக்குக் கல்லைப் போட்டாள். கல் காய்கிற வரைக்கும் அடுப்படியில் நின்று, மீதி லீவுகளை எந்தெந்தக் கிழமையில் போடலாம் என்று காலண்டரைப் புரட்டினாள்.